உதைக்காத பந்து

மாலை 4.31. நோபிள் பார்க் மைதானத்து உடைமாற்றும் அறையில், குப்பை வாளிக்குள் ஒரு வலது கால் சப்பாத்துக் கிடந்தது. பந்து உதைக்கும் வீரன் றிஷி அதற்கென்றே வைத்திருந்த சப்பாத்து.

பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் அணி தோற்றிருந்தது. பத்தொன்பதுக்கு இருபத்தொன்று. அமெரிக்கன் ஃபுட்போலில் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி. கடைசி நிமிடத்தில் கம்பம் கிட்டத்தான் நின்றது. பயிற்சியாளர் அருந்தவன் உதைக்கச் சொல்லாமல், தன் மகன் சுஜீதனிடம் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கையில் அவனை அமுக்கிவிட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்ப அவன் ஓட்டமெல்லாம் வீடியோ எடுக்கப்படுவது ஊரறிந்தது.

"உதைக்கத்தான் நினைச்சனான். சாமான் பையைப் பாத்தா சப்பாத்து இல்லை," என்றார் அருந்தவன். "இடைவேளையில பையோட இஞ்ச தனிய நிண்டது யோகா. அவவின்ர தங்கச்சி புருசன் எதிர் ரீமில விளையாடுறவர்."

யோகா பதினொரு வருடமாகச் சம்பளமில்லாமல் அணியின் உடுப்பும் சாமானும் பார்ப்பவள். வீரர்கள் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கள்ளி என்று பெயர் விழுந்தால் அடுத்த ஊர் டண்டினோங் வரைக்கும் ஒரு தமிழ்க் கடைக்குள் அவள் தலைநிமிர்ந்து ஏற முடியாது.

"அஞ்சரைக்கு ஆபீஸ் ரூம்ல பேசி முடிச்சுடலாம்," என்றார் கழகத் தலைவர் பாஸ்கர்.

புள்ளிப்பலகை பார்க்கும் பொனிபஸ் வாசலில் நின்றார். எழுபத்திரண்டு வயது. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆர் எதைச் சொன்னாலும் முதலில் பொய்யென்றே எடுத்துக்கொள்வார். பாதி நாள் அது சரியாகவும் இருக்கும். சப்பாத்தை எடுத்து அமுக்கினார். தண்ணீர் சொட்டியது. கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒழுக்கு இல்லை.

வெளியே பலகையில் அணியின் பக்கம் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பாதியில் மூன்று தடவை அணி ஆட்ட மணிக்கூட்டை நிறுத்தச் சொல்லலாம்; ஒவ்வொரு தடவையும் அவர் ஒன்றை அணைப்பார்.

4.50. றிஷியை மறித்தார்.

"கடைசியா எப்ப போட்டனீ?"

"ஃபர்ஸ்ட் குவாட்டர், அங்கிள். பிறகு பையில வைச்சிட்டன்."

"அப்ப மழையோ?"

"இல்லை, நல்ல வெயில்."

மழை தொடங்கியது 4.05க்கு, இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி நடக்கையில். பொனிபஸுக்கு நினைவிருந்தது, பலகை நனையாமல் படங்கு போட்டவர் அவர்தான்.

"மழைக்குள்ள பை எங்க கிடந்தது?"

"பெஞ்சடியில. ஸிப் திறந்தபடி."

"கடைசியில உன்னைக் கூப்பிட்டவரோ?"

"நான் எழும்பி நிண்டனான். கோச் திரும்பிக்கூடப் பாக்கேல்லை."

5.05. யோகா தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்ச உடன அறையைத் திறந்தது ஆர் பிள்ளை?"

"கோச். திறப்பு அவரிட்ட மட்டும்தானே. பையையும் அவர்தான் தூக்கிக்கொண்டு போனவர். நான் போத்தில் பொறுக்கிக்கொண்டு வெளியில நிண்டனான்."

5.30. அலுவலக அறை. நாலு கதிரையில் பாஸ்கர், அருந்தவன், யோகா, பொனிபஸ்.

"இந்தச் சப்பாத்தை எடுத்தது யோகா இல்லை, நீர்," என்றார் பொனிபஸ்.

"கிழவருக்கு விசர்," என்றார் அருந்தவன்.

"இருக்கட்டும். இடைவேளையில களவெடுத்து இந்த வாளிக்குள்ள போட்டதெண்டா அது காய்ஞ்சு கிடக்கவேணும். மழை வந்தது பிறகு. பிழிஞ்சா தண்ணி ஓடுது. அப்ப மழைக்குள்ள அது பெஞ்சடியில, பைக்குள்ள இருந்திருக்கு. வாளிக்கு வந்தது ஆட்டம் முடிஞ்சாப் பிறகு. முதல் உள்ள வந்தது நீர்."

"நான் ஏன் எடுக்கோணும்?"

"உதைக்க நினைச்ச ஆள், சப்பாத்து இல்லையெண்டா என்ன செய்வார்? மணிக்கூட்டை நிப்பாட்டித் தேடுவார். நிப்பாட்ட உமக்கு இன்னொரு தரம் மிச்சம் இருந்தது. விளக்கு இப்பவும் எரியுது, போய்ப் பாரும். நீர் தேடவே இல்லை. கடைசி ஓட்டம் வீடியோவில மகன்ர பேரில வரவேணும், அவ்வளவுதான். அவன் விழுந்தாப் பிறகு உமக்கொரு சாட்டு வேணும். சப்பாத்தை எடுத்தீர்."

"பொடியன் நாலு வருசமா இதுக்குத்தானே பாடுபடுறான்," என்றார் அருந்தவன் மெல்ல.

பாஸ்கர் தொண்டையைச் செருமினார். "சரிங்க. சீசன் நடுவுல வேற கோச் கிடைக்கமாட்டாங்க. இத இந்த ரூமுக்குள்ளயே விட்டுடலாம். அருந்தவன், ஒரு ஸாரி சொல்லிடுங்க."

அருந்தவன் சுவரைப் பார்த்து ஸாரி என்றார்.

யோகா எழுந்தாள். "கள்ளியெண்டு சொன்னது முப்பது பேருக்கு முன்னால. ஸாரி மட்டும் ஏன் அறைக்குள்ள?"

பாஸ்கர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். கார் நிறுத்துமிடம் வெறுமையாகிவிட்டது. கேட்க வேண்டிய முப்பது பேரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு.