இருபத்து மூன்று கம்பெனிக்காரன்

நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த பிணம் தும்மியது.

பிணம் என்றால்... இன்னும் அரை மணி நேரத்தில் ஆகவேண்டிய பிணம். பெயர் பகலவன். வயது நாற்பத்தொன்று. வியாசர்பாடிக்காரன். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டர். காலையில் டியூட்டிக்குக் கிளம்பியவனை வேனில் அள்ளிப்போட்டு வந்திருந்தார்கள்.

இடம், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கிடங்கு. பகல் பதினோரு மணி. வெளியே லாரியில் கம்பி ஏற்றும் சத்தம் காதைப் பிளந்தது. உள்ளே ஒருவன் உயிர் போகக் கத்தினாலும் அடுத்த கடைக்குக் கேட்காது!

எதிரே மாசானம். எண்ணூரிலிருந்து மணலி வரை கம்பெனி கம்பெனியாக மாமூல் வாங்குகிறவன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது. தொழில் வளர்ந்தது, தொப்பை வளர்ந்தது, பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

பக்கத்தில் அவன் கையாள் இசக்கிப்பாண்டி. கையில் இரண்டடிக் கம்பி.

"ஏலே... எத்தனை கம்பெனிலே உனக்குக் காசு அனுப்புது?"

"இருபத்திமூணு அண்ணாத்த..."

மாசானத்தின் முகம் கறுத்தது.

"எனக்கே பதினேழுதாம்லே! எந்த கேட்டுல போயி நின்ன? யாரை வெட்டுன?"

"நானு கொசுவ கூட அட்ச்சதில்ல அண்ணாத்த!"

நுணலும் தன் வாயால் கெடும். பகலவன் கெட்டது ரயில்வே ஸ்டேஷன் டீக்கடையில். நாலு பேர் எதிரில் மார்தட்டியிருந்தான். 'இருபத்திமூணு கம்பெனி எனக்கு துட்டு அனுப்புது மாமு! ஒரு வாசலாண்ட போனதில்ல, ஒருத்தன்கிட்ட கேட்டதில்ல. நானு பாட்டுக்கு வூட்ல தூங்கிகினு கீறேன், துட்டு வந்துகினே கீது!'

பக்கத்து பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் இசக்கிப்பாண்டி.

"பாதிக் கம்பெனிய எனக்கு விட்டுட்டு ஏரியாவ விட்டு ஓடிரு. இல்ல... சாயங்காலம் எண்ணூர் முகத்துவாரத்துல மிதப்ப."

"ஐயோ, அது ஷேரு மார்க்கெட்டு! டிவிடெண்டு! கம்பெனிக்காரன் லாபத்துல குட்க்குற பங்கு! என் போனப் பாரு அண்ணாத்த!"

இசக்கிப்பாண்டி போனைப் பிடுங்கி, வந்திருந்த குறுஞ்செய்திகளைப் படித்தான்.

"நூத்தி நாப்பத்தேழு ரூவா... அறுபத்திரெண்டு ரூவா... அண்ணாச்சி, இது முப்பத்தொண்ணே கால் ரூவா!"

"ஒரு நாளைக்கா?"

"வருசத்துக்கு..." என்றான் பகலவன், தரையைப் பார்த்து.

"மொத்தமே எவ்வளவுலே?"

"முப்பத்தெட்டாயிரம். அதுவும் வருசத்துக்குதான்."

மாசானம் சிரித்தான். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தான். இசக்கிப்பாண்டி கம்பியை மெதுவாகக் கீழே இறக்கினான். அவன் பார்வையில் இருந்தது பரிதாபம். பகலவனுக்குக் கம்பியே தேவலை என்றிருந்தது.

"எத்தனை வருசமா இந்தப் பொழப்பு?"

"பதினோரு வருசம். மாசாமாசம் கொஞ்சம் வாங்கிப் போடுவேன். பேங்கு, உரம், சிமென்ட்டு, கரண்டு... எல்லாத்திலயும் கொஞ்சம். ஒண்ணு பூட்டாலும் இன்னொண்ணு நிக்கும்ல? அம்பது வயசுல கிரேன வுட்டு எறங்கிடணும் அண்ணாத்த. ஒருத்தன்கிட்டயும் கைகட்டி நிக்காம குந்திகினு சாப்டணும். அதான் ஆசை."

அந்த ஆசைக்கு அவன் கொடுத்த விலை கொஞ்சமல்ல. மனைவி செங்கொடி ஃப்ரிட்ஜ் கேட்டபோது உரக் கம்பெனி வாங்கினான். ஏசி கேட்டபோது மின்சாரக் கம்பெனி வாங்கினான். அவளும் ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டு, விசிறிக்கொண்டே அவனை முறைக்க ஆரம்பித்தாள்.

"அவுத்து விடுலே. பாவம், பச்சப்புள்ள."

கட்டு அவிழ்ந்தது. எழுந்தான். புத்தியுள்ளவன் அங்கேயே கும்பிட்டுவிட்டு ஓடியிருப்பான். பகலவன் முதலீட்டாளன்!

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது இசக்கிப்பாண்டி சொன்னான்.

"அண்ணாச்சி, நம்ம கொற்றலை கெமிக்கல்ஸும் இதுல இருக்கு."

"அத்த ஏன் கேக்குற?" என்று பகலவன் அலுத்துக்கொண்டான். "ஷேருக்கு ஒம்போது ரூவா குட்த்துகினு இருந்தான். போன வருசம் ஏழாக்கிட்டான். இதர செலவு ஏறிப்போச்சுன்னு அறிக்கைல போட்டுகிறான்."

மாசானம் பெருமையாக மீசையைத் தடவினான்.

"நாந்தாம்லே அந்த இதர செலவு! மாசம் பத்து லட்சம்!"

பகலவனின் காதில் ஏதோ இரைந்தது.

"நீதானா?"

"என்னலே?"

"நீதானா அது! யோவ், நானு அந்தக் கம்பெனிக்கு மொதலாளிய்யா! எரநூறு ஷேர் வெச்சிருக்கேன்! என் நானூறு ரூவா நீதான் துன்னியா? எடுத்து வைய்யா என் துட்ட!"

கத்தி முடித்த பிறகுதான் எங்கே நின்று கத்துகிறோம் என்பது உறைத்தது. இசக்கிப்பாண்டியின் கம்பி உயர்ந்துவிட்டது!

பகலவன் கண்ணை இறுக மூடினான். செங்கொடியின் முகம் வந்தது. விசிறியோடுதான் வந்தது.

"இருலே!"

மாசானம் கையை நீட்டித் தடுத்திருந்தான். அவன் கண்கள் சுருங்கின.

"மிரட்டாமலே கம்பெனிக்காரன் காசு தாரானா?"

"த...தருவான்."

"போலீசு?"

"வராது."

"கேசு, கோர்ட்டு?"

"ஒண்ணும் கெடையாது. வருசத்துக்கு ஒருக்கா வரிக் கணக்கு காட்டணும். ஷேரு எறங்கனா நெஞ்சு வலிக்கும். அவ்ளோதான்."

மாசானம் ஒரு இரும்புக் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

"பதினோரு கேசு ஓடுது எனக்கு. முட்டிவலியோட கோர்ட்டுப் படி ஏற முடியல. ஐம்பத்தெட்டு வயசுலே... இப்பிடி ஒரு வழி இருக்குன்னு ஒரு பய சொல்லலியே!" உண்மையாகவே குரல் தழுதழுத்தது. "உக்காருங்க மொதலாளி. ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."

சாயங்காலம் வரை பகலவன் சொன்னான். இரண்டு டீ, ஒரு பிரியாணி வந்தது. முதல் போட்டது எவ்வளவு என்று மட்டும் மாசானம் கேட்கவில்லை, பகலவனும் சொல்லவில்லை. அவ்வளவு புத்தி அன்றைக்கு மிச்சமிருந்தது.

மூன்று மாதம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் அலறியது.

"மொதலாளி! கொற்றலைக்காரன் காசு வந்துச்சா?"

மாசானம்! பகலவன் எழுந்து நின்றுவிட்டான்.

"வந்துச்சு அண்ணாத்த. ஷேருக்கு பதினஞ்சு ரூவா ஸ்பெஷலாம். மூவாயிரம் வந்துகீது. திடீர்னு இன்னாத்துக்கு குட்த்தான்னு புரியல..."

"மாமூல நிறுத்திட்டேன். இருந்ததெல்லாம் போட்டு நானும் ஷேரு வாங்கிட்டேன். அப்புறம் எம்டிய ஒரு எட்டு பாத்தேன். 'எனக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம்வே, எல்லா பங்குதாரனுக்கும் சமமா குடு'ன்னேன். இசக்கி கம்பிய மேசை மேல வச்சான். போர்டு மீட்டிங் பத்தே நிமிசத்துல முடிஞ்சுட்டு!"

அப்படியானால் அந்த மூவாயிரம்... மிரட்டி வாங்கிய பணம்!

"உம்ம லிஸ்ட்டுல மிச்சம் இருபத்திரண்டு இருக்குல்லா? பேரை அனுப்பும். ஒவ்வொருத்தனையா பாத்துப் பேசிட்டு வாரேன்."

"அண்ணாத்த... இது தப்பு..."

"அப்ப வேண்டாங்கீரு?"

பதினோரு வருட நேர்மை 'ஆமாம்' என்று சொல்லச் சொன்னது. மனம் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. இப்படியே எல்லோரும் கொடுத்தால் ஐம்பது வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? அடுத்த வருடமே கிரேனை விட்டு இறங்கிவிடலாம்!

சமையலறையிலிருந்து செங்கொடி குரல் கொடுத்தாள். "யார்யா போன்ல?"

பகலவன் அறைக் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"மொதல்ல அந்த சிமென்ட்டு கம்பெனிக்குப் போ அண்ணாத்த. எட்டு வருசமா அதே ஒண்ணரை ரூவா குட்த்துகினு கீறான், கஸ்மாலம்!"