காற்றடைத்த குழாய்

குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. மூடினால் சத்தம் கேட்டது. சுவருக்குள்ளே யாரோ தொண்டையைச் செருமி, பாதியில் அடக்கிக்கொள்வது போல ஒரு சத்தம். பீரங்கிமேட்டில் இந்த வாடகை வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே வளர்மதிக்கு அது பிடிக்கவில்லை. கணவன் வீரமணியிடம் சொன்னால் சிரிப்பான். யூடியூப் பார்த்து அவன் சரிசெய்ய முடியாத சமாச்சாரம் உலகத்தில் ஏது?

இன்று மாடியில் டேங்க் வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ராஜகிரி மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. கீழே, தலையெல்லாம் சோப்பு நுரையோடு குழாயடியில் உட்கார்ந்து, கண் எரிகிறதென்று சிணுங்கிக்கொண்டிருந்தாள் நாலு வயது மகள் ஆண்டாள்.

"வருதா?" என்று மாடியிலிருந்து கத்தினான்.

"எங்க வருது? பாப்பாக்கு கண்ணு எரியுதுங்க!"

"பைப்ல காத்து அடைச்சிருக்குது. டியூப சொருவி நல்லா ஊது. காத்து போனா தண்ணி தன்னால வந்துடும்."

ரப்பர் டியூபைக் குழாயில் மாட்டி, மறுமுனையை வாயில் வைத்துக் கன்னம் வலிக்க ஊதினாள். மூச்சு உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தியதும், உள்ளிருந்து பதிலுக்கு யாரோ ஊதினார்கள். வெதுவெதுப்பாக, பாசியும் ஈரமண்ணும் கலந்த நாற்றம் அவள் வாய்க்குள் வந்தது. குமட்டிக்கொண்டு துப்பினாள்.

டியூபுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"வரட்டுமா?"

மாடியிலிருந்து இறங்கி வரக்கூட இப்படி உத்தரவு கேட்டு வம்பிழுப்பது வீரமணியின் வழக்கம். பைப்பில் வாய் வைத்து விளையாடுகிறான் என்று நினைத்தாள். எரிச்சலும் சிரிப்புமாக டியூபுக்குள்ளேயே பதில் சொன்னாள்.

"வாங்களேன். யாரு வேணாம்னா?"

"யார்கிட்ட பேசற நீ?" மேலேயிருந்து வீரமணி கத்தினான். "நான் இன்னும் வால்வே தொறக்கல!"

வளர்மதி நிமிர்ந்து பார்த்தாள். சுவருக்குள் ஏதோ இறங்கி வந்தது. கூரையருகே ஒரு தட்டல். ஜன்னல் உயரத்தில் ஒன்று. பிறகு குழாய்க்கு நேர் பின்னால். டியூபைப் பிடுங்கி எறிந்தாள். குழாயை இறுக்கி மூடினாள். திருகு அவள் கையில் தானாகவே திரும்பித் திறந்துகொண்டது.

அதற்குள் ஆண்டாள், தண்ணீரைத் தேடி, குழாய் வாயில் விரலை விட்டிருந்தாள்.

"கைய எடும்மா."

"வர மாட்டேங்குது." குழந்தை அழவில்லை. குழாயையே பார்த்தாள். "உள்ள புடிச்சிக்கினு இருக்காங்க."

வளர்மதி இழுத்தாள். சோப்பு வழுக்கியது. இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். வரவில்லை. கத்த வாயைத் திறந்தாள். குரல் இல்லை. ஊதிய மூச்சைத் தொடர்ந்து இப்போது அதுவும் உள்ளே போயிருந்தது.

"இப்ப வருதா?" மேலேயிருந்து வீரமணி கேட்டான்.

"வருதுங்க," என்றது குழாய். அவள் குரலில். சந்தோஷமாக.

மாடியில் வீரமணி கைதட்டிச் சிரிப்பது கேட்டது.

ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. அந்த அரை இஞ்ச் குழாய்க்குள் ஆண்டாளின் கை முழங்கை வரை போயிருந்தது. வளர்மதி பிடியை விடவில்லை. சின்னத் தோள் மெல்ல, மெல்ல, குழாயை நெருங்கியது.