செத்தவருக்கு ஒரு க்ளோசப்!

செல்போன் அலறியது.

இயக்குநர் அயர்ன் பாக்ஸைப் புடவை மேலேயே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சிறந்த புலனாய்வு ஆவணப்படத்துக்கான தேசிய விருது அவளுக்கு! மாலை ஆறு மணிக்கு மேடை. காலையிலிருந்து வாழ்த்து மழை.

"ஹலோ..."

"உங்க படத்துல கொலையானேனே... நான்தான் பேசறேன்."

"எந்த நான்?"

"பெயின்ட் கம்பெனி முதலாளி!"

புடவை புகைந்தது. அவள் கவனிக்கவில்லை.

மூன்று வருட உழைப்பு அந்தப் படம். காணாமல் போன முதலாளியைக் கொன்றது அவருடைய பார்ட்னர்தான் என்று அடித்துச் சொன்னது. பார்ட்னரின் கார் டிக்கியில் ரத்தச் சட்டை கிடந்ததைக் காட்டியது. படம் வந்த வாரமே பார்ட்னர் உள்ளே போனார்.

"யாருங்க விளையாடறது?"

"விளையாட்டா? எங்க ஹால்ல என் மனைவிய அழவெச்சுப் படம் எடுத்தீங்களே, அன்னிக்கு நான் பரண்ல படுத்திருந்தேன். தும்மல் வேற! தலையணைய வாயில அடைச்சுக்கிட்டேன். உங்க கேமராமேன் 'அழுகை பத்தல, இன்னொரு டேக் போலாம்'னாரே... ஞாபகம் இருக்கா?"

அது படத்தில் இல்லை. அந்த வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்!

"உங்களுக்கு... என்ன வேணும்?"

"உங்க படத்தால என் மனைவி பிரபலமாயிட்டா. வரன் வருதும்மா, வரன்! ஒருத்தன் டாக்டராம். அவளும் பட்டுனு வேண்டாம்னு சொல்ல மாட்டேங்கறா. இன்னிக்கு மேடையில 'அவர் உயிரோடவும் இருக்கலாம்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அத்தனை பேரும் ஓடிடுவானுங்க!"

"ஒரு நிமிஷம் சார்..." போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

டையைக் கட்டிக்கொண்டே வந்தார் கேமராமேன். அவளுடைய கணவர்.

"ஏதோ கருகுதே... போன்ல யாரும்மா?"

"செத்தவர்."

விஷயத்தைக் கேட்டதும் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் செத்தே இருக்கச் சொல்லேன்! நாளைக்கு உயிரோட வரட்டும். யாரு வேண்டாம்னா?"

"பார்ட்னர் உள்ள இருக்காருங்க."

"எட்டு மாசமா இருக்கார். இன்னும் ஒரு ராத்திரி..."

"நாம சொன்னதாலதான் இருக்கார்!"

கேமராமேன் எழுந்து போய் அயர்ன் பாக்ஸை அணைத்தார்.

அவள் போனைக் காதுக்குக் கொடுத்தாள்.

"சார், ஆதாரம் இல்லாம மேடையில பேச முடியாது. எங்க எடிட்டிங் ரூமுக்கு வந்து ஒரு பேட்டி குடுங்க. இருட்டுலதான். முகமே தெரியாது."

"மேக்கப் உண்டா?"

மத்தியானம்.

எடிட்டிங் ரூம் ஜன்னலில் கறுப்புத் துணி. சுவர் ஓரமாக ஒரு விளக்கு மட்டும். அதற்கு முன்னால் நிழலாக உட்கார்ந்திருந்தார் செத்தவர், சட்டையில் காலர் மைக்குடன். கேமராவுக்குப் பின்னால் தொப்பி போட்ட புது அசிஸ்டென்ட் ஒருவர், அணைந்த லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்ட்னர் கார்ல இருந்த சட்டை யாரோடது சார்?"

"என்னுதுதான். ரத்தமும் என்னுது. விரலைக் கீறிக்கிட்டேன். டிக்கியில போட்டதும் நானேதான்! கம்பெனி திவாலாச்சு. இன்ஷூரன்ஸ் வந்தா நானும் அவளும் வெளிநாடு. பிளான் பிரமாதம் இல்ல?"

"பிரமாதம் சார்."

"இவ்ளோ பிரமாதமா பேசறேன்... மூஞ்சி தெரியலையே! ஒரு க்ளோசப் போடுங்களேன்!"

"ஆபத்து சார்."

"ஒரே ஒரு ஷாட்! என் மனைவி பாக்கணும். அந்த டாக்டரை விட நான் லட்சணம்!"

அவள் கண்ணைக் காட்டினாள். அசிஸ்டென்ட் லைட்டைப் போட்டார். முதலாளி தலையைக் கோதிக்கொண்டு சிரித்தார்.

அசிஸ்டென்ட் தொப்பியைக் கழற்றினார்.

"லட்சணமாத்தான் இருக்கீங்க!"

பார்ட்னரைக் கைது செய்த அதே இன்ஸ்பெக்டர்!

"எட்டு மாசமா உங்க பிணத்தை ஏரி ஏரியாத் தேடினேன் சார். நடந்தே வந்துட்டீங்க!"

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்... என் மனைவி?"

கேமராமேன் கறுப்புத் துணியை விலக்கிக் கீழே எட்டிப் பார்த்தார்.

"ஜீப்ல உக்காந்திருக்காங்க. இந்தத் தடவை முதல் டேக்லயே அழறாங்க."

இன்ஸ்பெக்டர் முதலாளியை அழைத்துப் போனதும் அவள் விருதுக் குழுச் செயலாளருக்குப் போன் போட்டாள்.

"சார், எங்க படம் தப்பு. விருது வேண்டாம்."

"மேடம்! கேடயத்துல உங்க பேரைப் பொறிச்சாச்சே!"

"தேய்ச்சுடுங்க சார்."

போனை வைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மூணு வருஷம்ங்க..."

கணவர் டையை அவிழ்த்துக் கொடுத்தார், கண்ணைத் துடைத்துக்கொள்ள.

"பார்ட்னர் விடுதலையாகி வீட்டுக்குப் போயிடுவார்மா. அது போதும். அப்புறம்... கேமராவ நான் இன்னும் ஆஃப் பண்ணல."

அவள் நிமிர்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது!

கீழே ஜீப்பிலிருந்து முதலாளியின் கத்தல்.

"மேடம்! இந்தப் படத்துக்கு விருது வந்தா சொல்லி அனுப்புங்க... பரோல்ல வர்றேன்!"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அவசியம் வாங்க சார்! அதுவரைக்கும் தயவுசெஞ்சு மறுபடி செத்துடாதீங்க!"