எரியோட்டுக் கிணற்றில் செம்பு

"நாளைக்குக் காலையில நிலத்தை எழுதிக் குடுக்கணும் தாயி. அதுக்குள்ள இந்தக் கல்லுல செம்பு இருக்கா, இல்லையான்னு சொல்லிரு."

எரியோட்டிலிருந்து வந்த மாயம்மாள் மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். திண்டுக்கல்லில் மண், நீர் பரிசோதனைக் கூடம் நடத்தும் இளவேனில் அதைப் பிரித்தாள். பொன்னிறமாக மினுங்கும் கல். அதைச் சுற்றி மெல்லிய செந்நிறக் கம்பி. பிடித்துக்கொள்ள ஒரு முனை நீண்டிருந்தது.

"கிணத்தை ஆழப்படுத்தினப்ப வந்துச்சு. என் கொழுந்தன் பாண்டியராஜ் ஏதோ வீடியோவைப் பாத்துட்டு ஆசிட்டுல முக்கி அடுப்புல காட்டுனான். பச்சையா எரிஞ்சுச்சு. செம்பாம். கவர்மெண்டு காட்டை எடுத்துக்கிருமாம், அதுக்கு முந்தி பக்கத்துக் காட்டுக்காரருக்கு வித்துரலாங்கிறான். எனக்கு அந்த முருங்கைக் காடு ஒண்ணுதான்."

உதவியாளர் ஆண்டனிராஜ் துள்ளி எழுந்தார். "மேடம், கொழுந்தனும் பக்கத்துக் காட்டுக்காரரும் கூட்டு! கேஸ் முடிஞ்சது."

"செத்த பொறுங்கண்ணே. அக்கா, கொழுந்தன் என்ன வேலை பாக்குறார்?"

"மோட்டாருக்குக் காயில் கட்டுறான். வெளியில வண்டியிலதான் உக்காந்திருக்கான்."

"உள்ள கூப்பிடுங்க."

பாண்டியராஜ் தயங்கித் தயங்கி வந்து நின்றார். இளவேனில் கம்பியைக் கழற்றித் தனியே வைத்தாள். கல்லைச் சுத்தியலால் உடைத்து, உள்ளிருந்து ஒரு துண்டை எடுத்துக் கரிக்கட்டைமேல் வைத்து, ஊதுகுழலால் தீயைப் பாய்ச்சினாள்.

"மஞ்சளா மின்னுற செம்புத் தாதுல கந்தகம் இருக்கும். சூடேத்தினா தீக்குச்சி உரசின நெடி வரணும். வருதா?"

ஆண்டனிராஜ் குனிந்து முகர்ந்தார். "ஒண்ணும் வரலையே."

அடுத்து, சுத்தம் செய்த, செம்பு கலக்காத இஸ்திரிப் பெட்டிக் காயில் கம்பியின் நுனியை ஆசிட்டில் நனைத்து, கல்லின் தூளைத் தொட்டுத் தீயில் காட்டினாள். லேசான மஞ்சள் தவிர ஒன்றுமில்லை. பச்சை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்ப உங்க கம்பியை மட்டும் ஆசிட்டுல முக்கிக் காட்டுங்க, பாண்டியராஜ். கல்லு வேண்டாம்."

அவர் காட்டினார். குப்பென்று பச்சைச் சுடர் எழுந்தது. மயில் கழுத்தின் பச்சை.

"அட, இம்புட்டு நாளா கையில வச்சுப் புழங்குற கம்பி!" பாண்டியராஜ் கம்பியைத் தீயிலிருந்து வெளியே எடுத்தார். "எரிஞ்சது இதுதானா மதினி!"

"தெரிஞ்சே செஞ்சிருப்பான் மேடம்," என்றார் ஆண்டனிராஜ், விடாமல்.

"தெரிஞ்சு செஞ்சவர் கம்பியக் கழட்டிட்டுக் கல்லை மட்டும்ல குடுத்திருப்பார்? சாட்சியைச் சுத்திக் கட்டி அவரே வண்டியில ஏத்திக் கூட்டிட்டு வந்திருக்கார். கம்பியில கட்டுன்னு வீடியோவுல சொன்னதும் அவர் கை காயில் கம்பிக்குத்தான் போகும். கடையில கிடக்குறது அது. அதுவும் சுத்தச் செம்பு."

"அப்ப இந்த மினுக்கு?" என்று கேட்டார் மாயம்மாள்.

இளவேனில் கத்திமுனையால் கல்லிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றை உரித்தாள். அது வளைந்தது, விட்டதும் நிமிர்ந்தது. "காக்காப்பொன், மைக்கான்னு சொல்வாங்களே, அதுதான். நெருப்புல வச்சாலும் உருகாது. செம்புன்னு எவனும் உங்க காட்டைக் கேக்க மாட்டான்."

பாண்டியராஜ் வெளியே போய் பக்கத்துக் காட்டுக்காரருக்குப் போன் செய்தார். "நாளைக்குப் பத்திரம் இல்லண்ணே. என் தப்பு," என்பது உள்ளே வரை கேட்டது.

மாயம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வண்டியை எடுலே. முருங்கைக்குத் தண்ணி பாய்ச்சணும். மோட்டாரையாவது ஒழுங்காக் கட்டியிருக்கியா?"