கூரைக்கடியில் கொஞ்சம் காற்று

தகரப் பெட்டி நனையவே இல்லை. உள்ளே இருந்த படங்கள்தான் நனைந்திருந்தன.

எல்வா டார்ச் வெளிச்சத்தில் மறுபடி தடவிப் பார்த்தாள். ஆற்று வெள்ளம் லிஸ்மோர் ஊர்த் தெருக்களுக்குள் வருமுன்பே பெட்டியைக் கூரைக்கடிப் பரணுக்கு ஏற்றியிருந்தாள். அதை எடுக்க இன்று மேலே வந்ததில்தான் படகு போயிற்று. தம்பி காலின் சமையலறை ஜன்னலோரம் படகைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"செத்தவங்கள அப்புறம் காப்பாத்திக்கலாம்க்கா. மொதல்ல நீ ஏறு."

"இதோ வந்துட்டேன்டா."

திரும்புவதற்குள் நீரோட்டம் படகை வேலிக்கு அப்பால் இழுத்துப் போய்விட்டது. வீட்டுக்குள் ஏணி மூழ்கிவிட்டது. அவன் ஏதோ கத்தியது மழையில் கேட்கவில்லை.

படங்களில் இருந்த லெஸ், ஆர்ச்சி இருவரும் அவள் தாத்தாவின் அண்ணன்கள். நூறாண்டுக்கு முன் பெல்ஜியத்தின் போர்க்களச் சேறு இருவரையும் விழுங்கிவிட்டது, உடல்கள் கிடைக்கவில்லை. பெட்டியைக் கேன்பெரா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமென்று உறவினர்கள் சொன்னபோதெல்லாம், நம் பையன்கள் நம் வீட்டில்தான் இருப்பார்கள் என்று எல்வா மறுத்துவிட்டாள். அவர்களின் ஒவ்வொரு படத்துக்கும், அவர்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் தன் கையாலேயே தனி உறை செய்து வைத்திருந்தாள்.

இப்போது அந்த உறைகளுக்குள்ளிருந்து சேறு கசிந்தது. இந்த ஆற்றின் செம்மண் அல்ல. சாம்பல் நிறத்தில், விரலை மரத்துப்போகவைக்கும் குளிர்ச்சியோடு, அணைந்த வெடியின் நெடியும் அழுகிய வைக்கோலின் நெடியும் கலந்து, துடைக்கத் துடைக்க ஊறி வந்தது. ஸ்வெட்டர் கையால் ஒரு படத்தைத் துடைத்தாள். ஸ்டூடியோ திரைச்சீலை தெரிந்தது. நாற்காலியும் தெரிந்தது. அதன் இருபக்கமும் கம்பளிச் சீருடையில் நின்றிருந்த பையன்களைக் காணவில்லை.

அடுத்த படம். கப்பலின் மேல்தளம். ஆளில்லை.

அடுத்தது. வெறும் மணல்.

பரண் வாசலில் தண்ணீர் பொங்கி ஏறியது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கூரையின் உச்சிச் சரிவுக்குத் தவழ்ந்தாள். தகரத்தை முஷ்டியால் குத்தினாள். ஆணிகள் அசையவில்லை. வெளியே நண்பகல் என்பதற்கு ஓர் ஆணி ஓட்டையின் வெளிச்சம் மட்டுமே சாட்சி. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு. பெட்டி கைநழுவிப் போனது. டார்ச் அணைந்தது.

கழுத்து.

முகத்தைத் தகரத்தோடு ஒட்டினாள். ஒரு சாண் காற்று. மெதுவாக இழுத்தாள். விட்டாள்.

இடப்பக்கம் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

"காலின்?"

முரட்டுக் கம்பளித் துணி தோளில் உரசியது. பிறகு மறு தோளிலும்.

ஆணி ஓட்டை வெளிச்சம் அவள் கண்ணெதிரே மறைந்தது. மிச்சமிருந்த அந்தச் சாண் காற்றை அவளுக்கு இருபுறமும் இரண்டு வாய்கள், சேறு கொழகொழக்க, ஆவல் ஆவலாக உறிஞ்சிக்கொண்டிருந்தன.