கன்னத்துக் கம்பி

ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் குணசீலனின் சிரிப்பு கழன்றுவிட்டது.

முதலில் கவனித்தவர் அவனுடைய அண்ணன் தணிகாசலம். "ஏம்மா சௌந்தரி, இவன் மூஞ்சி என்ன இப்படி ஆயிடுச்சு? வர்றவங்க என்ன நெனைப்பாங்க? பெட்டிய கொஞ்ச நேரம் நிறுத்தி வைம்மா" என்றார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. வாய் மட்டும் காது வரை சிரித்தது. அவர் என்ன செய்வார், பாவம், அவர் கன்னத்திலும் கம்பிதானே இருக்கிறது.

நிக்கலும் டைட்டானியமும் கலந்த நினைவுக்கம்பி அது. ஒரு காலத்தில் பல்லை வரிசைப்படுத்த மட்டும் மாட்டினார்கள். உலையில் ஒருமுறை வளைத்துப் பழக்கினால் அந்த வளைவை அது மறக்காது. குளிரில் நூல்போலத் துவளும். உடம்புச் சூடு பட்டதும் பழைய வளைவுக்கே திரும்பும். யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பல்லிலிருந்து கன்னத்துக்குள் நகர்த்தினார். கடையிலும் வங்கியிலும் கவுண்டரில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் என்றுதான் தொடங்கினார்கள். பிறகு கம்பி இல்லாத பெண்ணுக்கு வரன் அமையவில்லை. இப்போது அழுமூஞ்சி என்று திட்டக்கூட ஊரில் ஆள் கிடையாது.

சௌந்தரி கண்ணாடி வழியே பார்த்தாள். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதனின் முகம் அவளுக்குப் பிடிபடவில்லை. வாயோரம் இரண்டும் தொங்கிப் போயிருந்தன. களைத்த முகமா, கோபித்த முகமா? அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல எல்லாம் மரத்துக் கிடந்தது.

காலையில் அவன், "நெஞ்சு ஒருமாதிரி அடைக்குது சௌந்தரி" என்றான். முகம் முழுக்கச் சிரிப்பு. "காலங்காத்தால வெளையாடாதீங்க, இட்லி ஆறுது" என்று அவள் சட்னி எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோதும் அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். சட்னியை ஊற்றிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நிறுத்தட்டுமா?" தணிகாசலம் ஸ்விட்சில் கை வைத்தார்.

"வேண்டாம் மாமா. இந்த மூஞ்சிய நான் பார்த்ததே இல்ல. காலைல இதப் பார்த்திருந்தா ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருப்பேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

அவள் குனிந்து கன்னத்தைக் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டாள். அழ வேண்டும்போல இருந்தது, முகம் விடவில்லை. சில்லிப்பு மெல்ல ஏறியது. இடது வாயோரம் இறங்கியது. மறு கன்னத்தையும் மாற்றி வைத்தாள். கம்பி துவண்டது. உதடு கோணியது, தாடை நடுங்கியது, காலையிலிருந்து எங்கோ அடைத்துக் கிடந்த அழுகை தொண்டைக்கு வந்தது.

தணிகாசலத்தின் மனைவி ரேணுகா அந்த முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். "ஐயையோ, இங்க வாங்களேன்! இவளுக்கு வாய் கோணிக்கிச்சு! சுடுதண்ணி கொண்டாங்கடி!"

"ஒண்ணுமில்லக்கா, அழறேன்..."

யார் காதில் விழுந்தது? நாலு பெண்கள் அவளைப் பெட்டியிலிருந்து பிரித்து எடுத்தார்கள். ரேணுகா அவள் தலையை மடியில் சாய்த்து, வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு கன்னத்திலும் அன்போடு அழுத்திப் பிடித்தாள். சௌந்தரி திமிறினாள், பிடி இறுகியது.

துண்டை எடுத்தபோது அவள் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாடா, தேறிட்டா" என்றாள் ரேணுகா. பெண்கள் நிம்மதியாக எழுந்து ஆளுக்கொரு வேலையைப் பார்க்கப் போனார்கள்.