ஏழாம் நம்பர் ஹீல்

"ஐயோ... பிணம்!"

டோனா கசில்தா போட்ட அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

கேட்டு ஓடி வரத்தான் தெருவில் ஆள் இல்லை.

திங்கட்கிழமை!

எங்கள் லியோன் ஊரில் ஷூ பட்டறைக்காரன் எவனும் திங்கட்கிழமை வேலை செய்ய மாட்டான். அதற்கென்றே ஒரு புனிதர் இருக்கிறார். சான் லூனெஸ். அதாவது, திங்கட்கிழமைப் புனிதர். எந்தக் காலண்டரிலும் அவருக்கு நாள் கிடையாது. எந்தக் கோயிலிலும் சிலை கிடையாது. ஆனால் அவருக்கு இருக்கிற பக்தர் கூட்டம் வேறு எந்தப் புனிதருக்கும் இங்கே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடித்தது தெளிய ஒரு நாள் வேண்டாமா?

டோனா, அதாவது அம்மணி, கசில்தாவின் ரப்பர் ஹீல் பட்டறையில் நாற்பது பேர். நாற்பது பேரும் இந்நேரம் கட்டிலில்.

ஒருவரைத் தவிர.

நிக்கானோர்! ஹீல் டிசைன் செய்பவர். ஐம்பத்தெட்டு வயது. பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். ரப்பர் ஒட்டாமல் இருக்கத் தூவும் வெள்ளைப் பவுடர் தரை முழுக்கச் சிந்தியிருந்தது.

மெஷினில் இருக்க வேண்டிய, ஹீல் வார்க்கும் இரும்பு அச்சைக் காணோம்!

பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் எல்விரா வந்தாள். கான்ஸ்டபிள் ப்ருடென்சியோ பின்னால் வந்தான். எல்விரா குனிந்து நாடி பார்க்கக் கையைத் தொட்டாள்.

பிணம் தும்மியது.

"அச்சு... என் அச்சு எங்கே?"

"உசுரு இருக்கானு முதல்ல பாருங்க சார். அச்சை அப்புறம் தேடலாம்," என்றாள் எல்விரா.

"அச்சு இல்லைன்னா உசுரு எதுக்கு?" என்றார் நிக்கானோர்.

கசில்தா அவர் தலையில் துணியைச் சுற்றியபடியே படபடத்தாள்.

"மேடம்... இன்னிக்கு நாலு மணிக்குத் தலைநகர்லேர்ந்து ஷூக்கடை முதலாளி லொசோயா வர்றாரு. ரெண்டு லட்சம் ஜோடி ஆர்டர்! அவர் கண்ணு முன்னாடி அந்த அச்சுல ஹீல் அடிச்சுக் காட்டணும். இல்லைன்னா பட்டறையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். நாப்பது குடும்பம் மேடம்!"

"திங்கட்கிழமையா பார்த்து வர்றாரா?"

"தலைநகர்க்காரர். நம்ம புனிதரைத் தெரியாது."

"அப்படி என்ன ஹீல் அது?"

நிக்கானோர் தலைக்கட்டோடு எழுந்து உட்கார்ந்தார். கண்ணில் ஒரு பளபளப்பு.

"ஏழாம் நம்பர் டிசைன்! பதினோரு வருஷ உழைப்பு. தேயவே தேயாது! தபால்காரர் ஃபெர்மின் ஆறு மாசமா போட்டு நடக்கறார். தினம் பதினெட்டு கிலோமீட்டர். சனிக்கிழமை தவறாம அளந்து பார்க்கறேன். ஒரு மயிரளவு குறையலை!"

"சரி... உங்களை அடிச்சது யாரு?"

"முகத்தைப் பார்க்கலை. அந்தப் பக்கம் ரப்பர் வெட்டிக்கிட்டு இருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினா ஒருத்தன் அச்சைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடறான். விரட்டினேன். அவ்வளவுதான்... பின்னாலேர்ந்து மண்டையில ஒரே போடு!"

"முன்னாடி ஒருத்தன் ஓடறான். பின்னாடிலேர்ந்து இன்னொருத்தன் அடிக்கறான். அப்போ ரெண்டு பேர்!"

"கூட்டுச் சதி மேடம்!" என்றான் ப்ருடென்சியோ.

"ஓடினவன் எப்படி இருந்தான்? உயரமா? குட்டையா?"

"அதெல்லாம் யாரு பார்த்தா? ஹீலைப் பார்த்தேன்!"

"ஹீலையா?"

"ஆமாம். கண்றாவி மேடம். தடியா, பள்ளம் பள்ளமா... இந்த ஊர்ல மானமுள்ள எவனும் அப்படி ஒரு ஹீலைப் போட மாட்டான்."

எல்விரா பெருமூச்சு விட்டாள். முப்பது வருஷ சர்வீஸில் திருடனின் ஹீலை மட்டும் பார்த்த சாட்சி இவர்தான்.

"மேடம்!" பவுடர் தரையில் தவழ்ந்துகொண்டிருந்த ப்ருடென்சியோ கத்தினான். "தடம் கிடைச்சிருச்சு! முன்பக்கம் ஷூ மாதிரி இருக்கு... பின்பக்கம் சைக்கிள் மாதிரி இருக்கு!"

"காலையில என்ன சாப்பிட்ட?"

"சத்தியமா மேடம்! நீங்களே பாருங்க."

பார்த்தாள். நிஜம்தான். ஹீல் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் டயரின் வரிகள்!

போலீஸ் தடங்களை விட்டுவிட்டால், அந்தத் தடம் ஒன்று. கசில்தாவின் செருப்புத் தடம் ஒன்று. நிக்கானோரின் ஷூத் தடம் ஒன்று.

நாலாவது தடமே இல்லை.

"அப்போ பின்னாடிலேர்ந்து அடிச்சவன் பறந்து வந்தானா?"

எல்விரா கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"வேலைக்காரங்க நாப்பது பேர் விலாசமும் தரட்டுமா மேடம்?" என்றாள் கசில்தா.

"வேண்டாம் டோனா. எங்கப்பாவும் ஷூக்காரர்தான். திங்கட்கிழமையில சூப் குடிக்கற ஸ்பூனைக்கூட அம்மாதான் தூக்கிக் கொடுக்கணும். அவ்வளவு கனமான இரும்பை எந்த ஷூக்காரன் இன்னிக்குத் தூக்குவான்? தூக்கினவன் வேற தொழில்காரன். இன்னிக்கும் வேலைக்கு வர்றவன்..."

பீ...ப்!

வாசலில் விசில்.

தபால்காரர் ஃபெர்மின் உள்ளே வந்தார். வியர்வை வழிந்தது. வலது தோள் ஒரு சாண் இறங்கியிருந்தது. தோளில் தபால் பை.

"டோனாவுக்கு ரெண்டு லெட்டர்..." என்று ஆரம்பித்தவர், நிக்கானோரின் தலைக்கட்டைப் பார்த்ததும் பதறினார். "கொம்பாத்ரே! என்னாச்சு உங்களுக்கு?"

"பையைக் கீழே வைங்க," என்றாள் எல்விரா.

"பரவாயில்லை மேடம்... லேசுதான்."

"வைங்க!"

டங்!!

தரை அதிர்ந்தது.

"யாருக்கு வந்த லெட்டர் இது? இரும்புல எழுதியிருக்காங்களா?"

ஃபெர்மின் தலையைக் குனிந்துகொண்டார்.

"திருடின கையோட ஓடிப் போயிருக்கலாமே... ஏன்யா இதைச் சுமந்துக்கிட்டு ஊரைச் சுத்தினீங்க?"

"பாதித் தெருவுக்குத் தபால் பாக்கி இருந்துச்சு மேடம்."

நிக்கானோர் ஃபெர்மினைப் பார்த்துக் கத்தினார்.

"நீயா? உன் பொண்ணைக் கையில ஏந்தி ஞானஸ்நானம் வாங்கிக் கொடுத்தவன்டா நான்! அவளுக்கு ஞானத்தகப்பன்! அதனாலதானே என்னைக் கொம்பாத்ரேன்னு கூப்பிடறே? என் மண்டையில அடிக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"மாதா மேல ஆணையா நான் அடிக்கலை கொம்பாத்ரே! உள்ள யாரும் இல்லைன்னு நினைச்சேன். எடுத்தேன், ஓடினேன். திரும்பிக்கூடப் பார்க்கலை!"

"ஷூவைக் கழட்டுங்க," என்றாள் எல்விரா.

கழற்றினார். திருப்பினாள்.

ஏழாம் நம்பர் ஹீலின் மேல் பழைய சைக்கிள் டயர் துண்டு, அளவாக வெட்டி பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டப்பட்டிருந்தது!

"ஆறு மாசமா இதுலதான் நடந்தீங்களா?"

"ஆமாம் மேடம். முதல் நாளே ஹீல் வழுக்கிக் கோயில் படியில விழுந்தேன். ரெண்டு பல்லு போச்சு."

"நாய் கடிச்சதுன்னு சொன்னியே!" என்றார் நிக்கானோர்.

"பல்லை நாய் கடிக்குமா கொம்பாத்ரே? நீங்க ஹீலை அளக்கற மும்முரத்துல அதை யோசிக்கவே இல்லை. அன்னிலேர்ந்து டயரை ஒட்டிக்கிட்டேன். சனிக்கிழமை பிச்சுட்டு வருவேன். நீங்க அளப்பீங்க. தேயலைனு தெரிஞ்சதும் உங்க முகத்துல ஒரு சந்தோஷம் வருமே... அதைப் பார்த்துட்டு எப்படிச் சொல்லுவேன்?"

"அதுக்காக அச்சைத் திருடுவியா?"

"ரெண்டு லட்சம் பேரு கொம்பாத்ரே! எத்தனை பல்லு! நேத்து ராத்திரி கண்ணை மூடவே முடியலை. உங்க மனசும் நோகக்கூடாது, ஊர்ல பல்லும் உடையக்கூடாது. அச்சு காணாமப் போறதைத் தவிர வேற வழி தெரியலை."

"வழுக்குதா? என் ஹீலா? பொய்!"

எல்விரா அவர் காலைப் பார்த்தாள்.

"நீங்க போட்டிருக்கறது எந்த ஹீல்?"

"இதேதான். லொசோயாவுக்குக் காட்டலாம்னு இன்னிக்குத்தான் முதல் தடவையா போட்டேன்..."

சட்டென்று நிறுத்தினார்.

எல்விரா தரையைக் காட்டினாள். பவுடரில் இரண்டடி நீளத்துக்கு ஒரு சறுக்கல் கோடு. அது முடிகிற இடத்தில் பிரஸ் மெஷின். மெஷின் முனையில் நரைமுடி நாலு.

"ப்ருடென்சியோ! இவர் ஷூவைப் போட்டுக்கிட்டு இந்தப் பவுடர் மேல ஓடு."

"எனக்குக் குழந்தை குட்டி இருக்கு மேடம்..."

"ஓடு!"

சர்ர்ர்... தொப்!

"அடிச்சவன் கிடைச்சாச்சு," என்றாள் எல்விரா.

வாசலில் யாரோ கை தட்டினார்கள்.

லொசோயா! சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, நின்று, எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கசில்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

நிக்கானோர் மெல்ல எழுந்தார். லொசோயாவை நேராகப் பார்த்தார்.

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை சார். தேயக்கூடாதுன்னு கெட்டியாக்கினேன். கெட்டியானது தரையைப் பிடிக்கலை. தேய்மானத்தை அளந்தேனே தவிர, பிடிமானத்தை ஒரு நாளும் அளக்கலை. இதை உங்களுக்கு விக்க மாட்டேன்."

நாற்பது குடும்பம்! அதைத் தெரிந்தே சொன்னார் மனிதர். கசில்தாவும் தடுக்கவில்லை.

லொசோயா ஃபெர்மினின் ஷூவை வாங்கிப் பவுடர் தரையில் அழுத்தித் தேய்த்தார். அசையவில்லை.

"இந்த டயர் எத்தனை நாள் வரும்?"

"ரெண்டு மாசம் சார். அப்புறம் வேற துண்டு ஒட்டிக்குவேன்."

"உள்ளே இருக்கற ஹீல்?"

"அது அப்படியே இருக்கும்."

"டோனா, ரெண்டு லட்சம் ஜோடி! இதே மாதிரி. உள்ளே ஏழாம் நம்பர், வெளியே டயர் ரப்பர்."

"அது தேஞ்சு போகுமே சார்!" நிக்கானோர் அலறினார்.

"தேயணும்யா! நிஜத்தைச் சொல்லட்டுமா? உங்க ஹீல் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன். தேயாத ஹீலை வாங்கினவன் மறுபடி எப்போ என் கடைக்கு வருவான்? அவன் செத்தா மகன் போட்டுக்குவான்! இதுன்னா ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை டயர் துண்டு வாங்க வந்தே ஆகணும்."

நிக்கானோர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஃபெர்மினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த டயர் யாரோட சைக்கிள்லேர்ந்து எடுத்தது?"

"உங்களோடதுதான் கொம்பாத்ரே."

கசில்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்விராவிடம் வந்தாள்.

"மேடம்... கேஸ்ல குற்றவாளின்னு யாரை எழுதுவீங்க?"

"ஹீலைத்தான். தினமும் ரெண்டு லட்சம் பேரு போட்டு மிதிக்கப் போறாங்க... இதைவிடப் பெரிய தண்டனையை எந்த ஜட்ஜ் கொடுத்துருவாரு?"